விகர்ணன் பேசினான், அப்புறம்?

வணக்கம் சார்,

எனக்கு ஊர் காவேரிப்பட்டணம் பக்கம், வேலை ஓசூரில். படம் பார்த்தாலும் கதை படித்தாலும் அதிலிருந்து வாழ்க்கைக்கு ஏதாவது எடுத்துக்கொள்வது என் பழக்கம். பிடித்த வசனங்களை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். அப்பாவுக்கு இது பிடிக்காது. "எவனோ காசுக்கு எழுதின பொய்யில என்னடா உண்மை?" என்பார். ஆனால் அவரே வருஷா வருஷம் பாரதக் கூத்துக்கு விடிய விடிய உட்கார்ந்து, பாஞ்சாலி துகிலுரியும் கூத்து அன்று கண்ணைத் துடைத்துக்கொள்வார். கற்பனைக் கதையில் நிஜ உண்மை இருக்கிறதா, இல்லை நானாகப் போட்டுப் பார்க்கிறேனா?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் அப்பா சொல்வதில் பாதி சரி. கதைகளில் பொய் உண்டு, பெரும்பாலும் அது முடிவில் இருக்கும். சினிமா கோர்ட்டில் வக்கீல் எழுந்து ஐந்து நிமிடம் பேசினால் தீர்ப்பு வந்துவிடும். வாச்சாத்திக்கு எப்படி வந்தது? 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் அரூர் பக்கத்தில் இருக்கும் அந்தப் பழங்குடி ஊருக்குள் போனார்கள். (அன்றைக்கு உங்கள் ஊரும் தருமபுரி மாவட்டம்தான்.) வீடுகளை நொறுக்கினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011 செப்டம்பரில். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள், மீதி 215 பேருக்கும் தண்டனை. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தபோது 2023 ஆகிவிட்டது. படத்தில் '31 ஆண்டுகளுக்குப் பிறகு' என்று எழுத்துப் போட்டு ஒரு நொடியில் தாண்டிவிடலாம். அந்தப் பெண்களின் வயசு போனது அந்த ஒரு நொடிக்குள்தான்.

அதனால் 'கடைசியில் நியாயம் ஜெயிக்கும்' மாதிரிப் பாடத்தை நம்பி எந்த வழக்கிலும் இறங்காதீர்கள். கதையில் உண்மை கிடைக்கும் இடம் வேறு. அது உங்கள் அப்பாவுக்கு நன்றாகத் தெரியும், சொல்லத்தான் வரவில்லை.

பாரதக் கூத்தின் முடிவு தெரியாதவர் யார் இருக்கிறார்கள்? கூத்து முடியும் படுகளத்தன்று துரியோதனன் மண்ணுருவமாகக் கிடப்பான், பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள். சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். இருந்தும் ஜனம் பாயைப் போட்டு உட்காருகிறது என்றால், நடுவில் மனுஷர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்க்கத்தான். சபையில் பாஞ்சாலி நியாயம் கேட்கிறாள். பீஷ்மர் இருக்கிறார், துரோணர் இருக்கிறார், அவள் கேட்டதற்கு நேரான பதில் அவர்களிடமிருந்து வரவில்லை. துச்சாதனனை விட அவர்கள்மேல்தான் எனக்குக் கோபம் அதிகமாக வரும்.

அந்தச் சபையில் விகர்ணன் என்று ஒருவன் எழுந்தான். துரியோதனனுக்குத் தம்பி. இது அநியாயம் என்று அண்ணன் முகத்துக்கு நேராகச் சொன்னான். அதே விகர்ணன் அப்புறம் போர் வந்தபோது அண்ணன் பக்கமே நின்று பீமன் கையால் செத்தான். கொன்ற பீமனே அவனுக்காக வருந்துகிறான். இந்த ஆளை நமக்குத் தெரியும். மீட்டிங்கில் "இது தப்பு சார்" என்று தைரியமாகச் சொல்லிவிட்டு, மறுநாள் அதே ஃபைலில் கையெழுத்துப் போடுகிறவர். அவரைக் கெட்டவர் என்று சொல்லவும் முடியாது, நம்பவும் முடியாது. விகர்ணன் நிஜமாக இருந்தானா என்ற கேள்விக்கு இங்கே என்ன வேலை?

வாச்சாத்தி வழக்கின் ஆவணம் வனத்துறை 155, போலீஸ் 108, வருவாய்த்துறை 6 என்று கணக்குச் சொல்லும். அந்தக் கணக்கு இல்லாமல் தண்டனையே இல்லை, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஊருக்குள் நுழையும்போதே வயிற்றைக் கலக்கி, வாயைத் திறக்காமல் கூட நடந்த ஒருவன் இருந்தானா, அவன் அன்று ராத்திரி வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் என்ன சொல்லியிருப்பான் என்றெல்லாம் கோர்ட் கேட்காது. அங்கே கதைதான் போக முடியும். போகிறவன் மனுஷர்களைக் கூர்ந்து பார்த்தவனாக இருந்தால், ஒரு பேச்சுக்கூட நிஜத்தில் நடந்திருக்காவிட்டாலும் பொய் என்று ஒதுக்க முடியாது.

நீங்களாகப் போட்டுப் பார்ப்பதும் நடக்கும். எல்லாரும் செய்வதுதான். ஒரு காட்சி உங்களைத் தட்டிக்கொடுத்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். ஹீரோ இடத்தில் நம்மை வைத்துக்கொள்ள யாருக்கும் கசக்காது. பார்த்துவிட்டு வரும்போது சங்கடமாக இருந்தால், யாரிடமோ போனில் மன்னிப்புக் கேட்கத் தோன்றினால், அதில் ஏதோ இருக்கிறது. இதற்கு யதார்த்தப் படம்தான் வேண்டும் என்றில்லை. சுமாரான மசாலாப் படத்தில்கூட, கடன் கேட்க வந்தவன் செருப்பைக் கழற்றும் விதத்தில் நடிகர் ஒருவர் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்.

அப்புறம் அந்த நோட்டு. வசனம் எழுதுவதைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்கள். வசனம் ஆசிரியர் நமக்குச் சொல்ல விரும்பியது, பாதி நேரம் கைதட்டலுக்கு எழுதியது. அதற்குப் பதிலாக, பேச வேண்டிய இடத்தில் யார் பேசாமல் இருந்தார், ஏன் இருந்திருப்பார் என்று ஒவ்வொரு படத்துக்கும் நாலு வரி எழுதுங்கள். பத்துப் பக்கம் சேர்ந்ததும் அனுப்புங்கள், படிக்கிறேன்.