பாதி விலைக் கார்பன் பவுடரை ரப்பரில் எவ்வளவு கலக்கலாம்?

கேள்வி: கோவையில் சிறிய ரப்பர் மோல்டிங் யூனிட் நடத்துகிறோம். பம்ப் கேஸ்கட், மேட், புஷ் செய்கிறோம். 100 பங்கு எஸ்பிஆர் என்ற செயற்கை ரப்பருக்கு 60 பங்கு என்660 கிரேடு கார்பன் பிளாக் (ரப்பருக்கு வலுவூட்டும் கறுப்புப் பவுடர்) போடுவது வழக்கம். பழைய டயரை பைரோலிசிஸ் செய்யும் (காற்றில்லாமல் வேகவைத்துச் சிதைக்கும்) ஆலையிலிருந்து கார்பன் பவுடர் பாதி விலைக்குக் கிடைத்ததால், அந்த 60 பங்கில் 30 பங்குக்குப் பதிலாக இதைப் போட்டோம். இப்போது பரப்பில் பொரிப்பொரியாக இருக்கிறது, இழுத்தால் சீக்கிரம் அறுந்துவிடுகிறது, டீசல் வாடையும் அடிக்கிறது. இந்தப் பவுடரையே விட்டுவிட வேண்டுமா?

பதில்: விட வேண்டாம். ஆனால் அளவைக் குறைக்க வேண்டும், ஒவ்வொரு லாட்டையும் சோதித்துத்தான் ரப்பர் கலக்கும் ரோல் மில்லில் ஏற்ற வேண்டும். நீங்கள் சொல்லும் மூன்று குறைகளையும் பார்த்தால், வந்திருப்பது சரியாக வேகாத, சரியாக அரைக்காத டயர் கரி. அதைக் கார்பன் பிளாக் என்று விற்றிருக்கிறார்கள்.

என்660 போன்ற சரக்கு, கனமான எண்ணெயை 1,300 டிகிரிக்கு மேல் எரியும் உலையில் பீய்ச்சி, நொடியில் சிறு பகுதிக்குள் தண்ணீர் தெளித்துக் குளிர வைத்து எடுப்பது. அதன் துகள்கள் நானோமீட்டர் கணக்கில், திராட்சைக் கொத்துபோல ஒட்டியிருக்கும். பரப்பு சுத்தமாக இருப்பதால் ரப்பர் அதைப் பற்றிக்கொள்ளும். டயர் கரி அப்படியல்ல. காற்றில்லாமல் 400 முதல் 600 டிகிரி வரை டயரை வேகவைக்கும்போது ட்ரெட் (தரையில் படும் பகுதி), பக்கச்சுவர், உள் லைனர் என எல்லாவற்றிலும் இருந்த வெவ்வேறு கிரேடு கார்பனும் ஒன்றாகிவிடுகிறது. துத்தநாக ஆக்சைடு, சிலிக்கா, சுண்ணாம்புப் பவுடர் எல்லாம் சாம்பலாக அதிலேயே தங்கும். புது கார்பனில் சாம்பல் 1 சதவீதத்துக்கும் கீழே. டயர் கரியில் 15 முதல் 20 சதவீதம் சாதாரணம். போதாக்குறைக்கு, சிதைந்த ரப்பர் கார்பன் துகள்மேல் ஒரு கரிப்படலமாகப் படிகிறது. எவ்வளவு அரைத்தாலும் அந்தப் படலம் போகாது. அதனால் ‘என்330-க்குச் சமம்’ (என்660-ஐவிட நுண்ணிய, கூடுதல் வலுத்தரும் கிரேடு) என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். நல்ல சரக்குகூட என்660, என்774 வரிசையில்தான் நிற்கும்.

உங்கள் இழுவிசை குறைந்ததற்குச் சாம்பல் மட்டும் காரணமில்லை. 20 சதவீதச் சாம்பல் என்று வைத்தாலும் 30 பங்கில் 24 பங்கு கார்பன் இருக்கிறது. 6 பங்கு குறைந்ததற்கு இவ்வளவு விழாது. பெரிய காரணம் பருமனான துகள். இழுத்துச் சோதிக்க வெட்டும் டம்பெல் வடிவ மாதிரித் துண்டு அறுந்ததும், அதன் முனையை 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். அறுந்த முகத்தில், கிழிசல் தொடங்கிய இடத்தில் ஒரு கறுப்பு மணல் உட்கார்ந்திருக்கும். 2 மில்லிமீட்டர் தடிமனில் 0.1 மில்லிமீட்டர் மணல் ஒன்று போதும். பரப்பில் தெரியும் பொரியும் அதே மணல்தான். ஈரம் இருந்தால் கூடவே கொப்புளமும் வரும்.

சோதனைக்குப் பெரிய லேப் தேவையில்லை. முதலில் ஒரு கைப்பிடி பவுடரைக் காகிதத்தில் பரப்பி, காந்தத்தை மேலே ஓட்டுங்கள். கம்பித் துணுக்கு ஒட்டினால் அந்த லாட்டைத் திருப்பி அனுப்புங்கள். மில் ரோலும் அச்சும் கீறிவிடும். அடுத்து, 100 கிராமைச் சோப்புத் தண்ணீரில் குழைத்து 325 மெஷ் (மிக நுண்ணிய கண்ணுள்ள) சல்லடையில் கழுவுங்கள். வெறும் தண்ணீரில் கரி நனையாமல் மிதக்கும். மேலே தங்கியதை விரலில் தேயுங்கள். பொடிந்தால் வெறும் கட்டி, மில்லில் உடைந்துவிடும். நறநறவென்றால் கோக் (இறுகிய கரி), அது உடையாது. உலர்த்தி நிறுத்தால் 0.1 கிராமுக்கு மேல் இருக்கும் சரக்கைக் கேஸ்கட்டில் போடாதீர்கள், மேட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

டீசல் வாடைக்குச் சோதனை டொலுயீன். 2 கிராம் பவுடரை 20 மில்லி டொலுயீனில் ஒரு நிமிடம் குலுக்கி வடிகட்டுங்கள். நன்றாக வெந்த சரக்கில் வடிநீர் தண்ணீர்போல இருக்கும். இளமஞ்சள் என்றால் சமாளிக்கலாம். டீ நிறத்தில் வந்தால் எண்ணெய் இன்னும் உள்ளேயே இருக்கிறது. அது பின்னால் பொருளின் மேல் கசிந்து, பக்கத்திலுள்ள பெயின்ட்டைக் கறையாக்கும். டொலுயீன் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பு, ஸ்விட்ச் பக்கம் வைத்துச் செய்யாதீர்கள்.

சாம்பலுக்கு, 105 டிகிரியில் உலர்த்திய 2 கிராமை மஃபிள் உலையில் (லேபில் உள்ள மூடிய மின் உலை) 550 டிகிரியில் இரவு முழுக்க வைத்து, மிஞ்சியதை நிறுங்கள். 0.36 கிராம் என்றால் 18 சதவீதம். சாம்பலில் நீர்த்த அமிலம் விட்டு நன்றாக நுரைத்தால் அதில் சுண்ணாம்புப் பவுடர் இருக்கிறது. செம்பழுப்பு நிறம் தெரிந்தால் இரும்பு.

இனி கலவை. 60 பங்கில் 15 சதவீதம், அதாவது 9 பங்கிலிருந்து தொடங்குங்கள். சாம்பல் 18 சதவீதமானால் 9 பங்கு கார்பனுக்கு 11 பங்கு பவுடர் வேண்டும் (9-ஐ 0.82-ஆல் வகுங்கள்). ஆக 51 பங்கு என்660, 11 பங்கு பவுடர். கூடுதலாக வரும் 2 பங்கு சாம்பலுக்கு ஈடாக, காம்பவுண்டில் சுண்ணாம்புப் பவுடரோ சைனா கிளேயோ இருந்தால் அதில் 2 பங்கு குறைத்துவிடுங்கள். மேட்டுக்கு மட்டும் படிப்படியாக ஏற்றிப் பார்க்கலாம். புஷ்ஷில் ஏற்ற வேண்டாம்; ஓயாமல் மடங்கி நிமிரும் பொருளில் ஒவ்வொரு மணலும் ஒரு விரிசல்.

பவுடரை எண்ணெய்க்கு முன்னால், காம்பவுண்ட் விறைப்பாக இருக்கும்போதே போடுங்கள். எண்ணெய் முதலில் போனால் ரப்பர் வழுக்கும், கட்டி உடையாது. சாம்பலில் சுண்ணாம்பு அதிகமானால் கியூரிங் (சூட்டில் ரப்பர் இறுகுவது) வேகமாகலாம், சிலிக்கா அதிகமானால் தாமதமாகலாம். ஆகவே ஒவ்வொரு புது லாட்டுக்கும் 160 டிகிரியில் ஒரு ரியோமீட்டர் (ரப்பர் இறுகும் வேகத்தை அளக்கும் கருவி) வரைபடம் எடுத்துப் பழைய காம்பவுண்டோடு ஒப்பிட்ட பிறகே பிரஸ் நேரத்தை முடிவு செய்யுங்கள்.

குடிநீர் பம்ப் கேஸ்கட், உணவுப் பொருள் படும் பாகம், பொம்மை ஆகியவற்றில் இதைச் சேர்க்கவே கூடாது. டொலுயீனில் இறங்கும் அந்த எண்ணெயில் பாலிஅரோமேட்டிக் சேர்மங்கள் இருக்கும். ஐரோப்பாவுக்கு மேட் அனுப்புவதாக இருந்தால், தோலில் படும் ரப்பரில் பட்டியலிட்ட ஒவ்வொரு சேர்மத்துக்கும் கிலோவுக்கு 1 மில்லிகிராம்தான் வரம்பு. முதல் கன்சைன்மென்ட்டுக்கு முன்பே லேபில் பார்த்துவிடுங்கள்.

விற்பவரிடம் எந்த டயர் என்று கேளுங்கள். லாரி டயரென்றால் பொதுவாக சிலிக்கா குறைவு. கார் டயர் கலந்தால் சாம்பல் லாட்டுக்கு லாட் ஏறி இறங்கும். பழைய டயர் பற்றிய 2022 விதிகளின்படி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற ஆலையா என்றும் பாருங்கள்.

மூட்டை இறங்கும்போது நடுவில் கைவைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் உள்ளே எடுக்காதீர்கள். சரியாக ஆறாத கரி, புகையோ சுடரோ தெரியாமல் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். அந்த மூட்டையை வெளியே தனியாக வைத்து, தண்ணீரைத் தூவலாகத் தெளியுங்கள். ஹோஸைப் பீய்ச்சினால் பவுடர் காற்றில் கிளம்பும், தீ பரவும்.