தாழ்வான மின்சாரக் கார் நம் தெருவுக்கு ஒத்துவருமா?

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் வசிக்கிறோம். பி.ஒய்.டி சீல் மின்சார செடான் காருக்கு முன்பணம் கட்டும் நிலையில் இருக்கிறேன். தெருவின் வேகத்தடைகளில் அதன் அடிப்பாகம் உரசும் என்கிறார் என் மைத்துனர். சுருள்வில்லில் ஸ்பேசர் என்ற துண்டை வைத்து ஓர் அங்குலம் உயர்த்தித் தருவதாக முகவர் சொல்கிறார். முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட என் தாயாருடன் மாதம் இருமுறை சென்னை சென்று திரும்புவோம். இந்தக் காரை வாங்கலாமா? வாங்கினால் எந்த மாடல்?

பதில்: உங்களுடைய இரண்டு கவலைகளுக்கும் வேர் ஒன்றுதான். இந்தக் காரின் பாட்டரி தளம் முழுவதும் பரப்பி, உடற்கூட்டோடு சேர்த்தே இணைக்கப்பட்டிருக்கிறது. அதன் எடை முழுவதும் கீழே இருப்பதால்தான் கார் வளைவுகளில் சாயாமல் சாலையைப் பற்றி ஓடுகிறது. அதே பாட்டரிதான் காரின் வயிற்றைத் தரைக்கு அருகில் கொண்டுவருகிறது. பின்னிருக்கையில் கால் வைக்கும் தளத்தையும் உயர்த்திவிடுகிறது.

முதலில் வேகத்தடை. சீல் காரின் தரை இடைவெளி 145 மி.மீ. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலுள்ள தூரம் 2,920 மி.மீ. தூரம் இவ்வளவு நீளமாக இருப்பதால், மேடு நடுவில் வரும்போது வயிறு தட்டும் வாய்ப்பும் கூடுகிறது. சாலைகளுக்கான தரநெறிகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரசின் நெறிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும், வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலமும் கொண்டிருக்க வேண்டும். அப்படிப்பட்ட மேட்டில் சக்கரங்களும் சேர்ந்து ஏறிவிடுவதால், காலியான கார் ஏறத்தாழ 8 செ.மீ. மிச்சத்தோடு தாண்டிவிடும். நம் தெருக்களில் அந்த அளவில் எத்தனை வேகத்தடைகள் இருக்கின்றன? ஓர் இரவில் இரண்டு சட்டி கான்கிரீட்டைக் கொட்டி, வெள்ளைக் கோடுகூட இடாமல் விட்டுப் போகிறார்கள். அளவு பார்த்து ஒப்புதல் தர வேண்டியவர்கள் அந்த வழியாகத்தான் தினமும் போகிறார்கள். ஆண்டுக்கணக்கில் யாரும் கேட்பதில்லை.

ஆகவே நீங்களே அளந்துவிடுங்கள். 145 மி.மீ. உயரத்தில் இரண்டு மரத்துண்டுகளை வெட்டிக்கொண்டு, மேட்டின் உச்சியிலிருந்து இருபுறமும் 146 செ.மீ. தள்ளி வைத்து, அவற்றின் மேல் ஒரு கயிற்றை விறைப்பாகக் கட்டுங்கள். அந்தக் கயிறுதான் உங்கள் காரின் வயிறு. கயிற்றுக்கும் மேட்டுக்கும் இடையே 5 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால், நால்வர் ஏறிப் பெட்டியும் வைத்த பிறகு உரசக்கூடும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாசல் சரிவையும் இதே முறையில் பார்க்க வேண்டும்.

ஸ்பேசர் பக்கம் போகவே போகாதீர்கள். சுருள்வில்லின் மேல் வைக்கும் ஒரு ரப்பர் அல்லது அலுமினியத் துண்டுதான் அது. அதை வைத்தால் சக்கரத்துக்குச் சுழற்சி கொண்டுசெல்லும் தண்டின் கோணம் மாறும், டயர் ஒருபக்கமாகத் தேயும், முன்கண்ணாடியிலிருந்து சாலையைப் பார்க்கும் கேமராவின் கணக்கும் தவறும். தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52 தடுக்கிறது. நாளை பாட்டரி உறையில் அடிபட்டு நீங்கள் வாரண்டியோ காப்பீடோ கேட்டுப் போனால், முதலில் காட்டப்படும் காரணம் அந்தத் துண்டுதான். அப்போது ஸ்பேசர் விற்றவர் கைப்பேசியை எடுக்கமாட்டார். வாடிக்கையாளர் ஒருவருக்கு இது நேர்ந்ததை நான் அருகிலிருந்து பார்த்தேன். மின்வாகனக் கடன் வட்டிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வருமான வரிக் கழிவு உண்டு என்றும் முகவர்கள் இன்னமும் ஆசை காட்டுகிறார்கள். 80இஇபி பிரிவின் அந்தச் சலுகை 2023 மார்ச் 31-க்குள் அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கு மட்டுமே உரியது, உங்களுக்குக் கிடைக்காது.

இனித் தாயார். பின்னிருக்கையில் கால் நீட்ட இடம் தாராளம். ஆனால் தளம் உயர்ந்திருப்பதால் முழங்கால் மேலெழும்பி, தொடைக்கு அடியில் தாங்கல் குறைகிறது. சென்னை வரையிலான 140 கிலோமீட்டரை மூட்டு மாற்றியவர் அப்படியே உட்கார்ந்து கடப்பது கடினம். இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். முன்னிருக்கையை நன்றாகப் பின்னுக்குத் தள்ளினால் அவர் காலை நீட்டி அமரலாம். தொடை முழுவதும் தாங்கப்படும். இருக்கைக்குள் காற்றோட்ட வசதியும் இருப்பதால் நம் ஊர் மே மாத வெயிலில் முதுகு வேர்க்காது. அங்கே சிக்கல் உட்காருவதில் இல்லை, எழுவதில்தான் இருக்கிறது. இருக்கை தாழ்வானது, இடுப்பைவிட முழங்கால் மேலே நிற்கும்போது எழுவதற்கான பாரம் முழுவதும் மூட்டின்மேல் விழுகிறது. ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் இது தெரியாது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து மூட்டு இறுகிய பின்புதான் தெரியும். எனவே ஓட்டிப் பார்க்கும் நாளில் அவரை முன்னிருக்கையில் அமர்த்தி, வாலாஜா வரை போய்த் திரும்பி, யாரும் கை கொடுக்காமல் அவரால் இறங்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் இந்தக் கார் அவருக்கும் ஏற்றதே. உயரத்துக்காகத் தடித்த திண்டு போடலாமே என்பார்கள். திண்டு அமுங்கி நழுவும்போது சீட் பெல்ட் இடுப்பெலும்பிலிருந்து வயிற்றுக்கு ஏறிவிடும் என்பதால் அது வேண்டாம்.

மாடலைப் பொறுத்தவரை, சீலின் தொடக்க மாடலான டைனமிக் போதும். 204 குதிரைத்திறனும், 100 கி.மீ. வேகத்தை 7.5 விநாடியில் எட்டும் திறனும் நம் நெடுஞ்சாலைக்குத் தாராளம். 530 குதிரைத்திறன் கொண்ட உச்ச மாடலான பெர்ஃபார்மன்ஸ் அதையே 3.8 விநாடியில் எட்டுகிறது. 2024-இல் அறிமுகமானபோது இரண்டுக்கும் விலை வித்தியாசம் 12 லட்சம் ரூபாய். டைனமிக்கில் 18 அங்குலச் சக்கரமும் சற்றே தடித்த டயர் சுவரும் இருப்பதால், பள்ளங்களின் அதிர்ச்சி தாயாருக்குக் குறைவாகவே எட்டும். அறிவித்துள்ள 510 கி.மீ. ஓட்டத்தில் முக்கால் பங்கை மட்டும் நம்பினாலும், சென்னை போய்வர 280 கி.மீ. தாங்கும். கூரை முழுவதும் கண்ணாடி என்பதால், உங்களுக்குத் தரும் காரில் உள்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கயிற்றுச் சோதனையும் வாலாஜா பயணமும் முடியும்வரை முன்பணம் கட்ட வேண்டாம். கார் வந்த பிறகு அடிப்பாகம் பலமாகத் தட்டினால், அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அன்றே தெரிவியுங்கள்; தெருமுனை மெக்கானிக்கிடம் பாட்டரி உறையைத் திறக்கக் கொடுத்துவிடாதீர்கள்.