கடிதம் யாருக்குப் போக வேண்டும்? கேள்வி பதில்

கோவை, லேத் ஒர்க்‌ஷாப்: ஒரு பெரிய கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செஞ்சு நாலு மாசம் ஆச்சு. பில் பணம் வரல. பர்ச்சேஸ் மேனேஜருக்கு லெட்டர் மேல லெட்டர் போடுறேன். வேற யாருக்கு எழுதணும்?

ஆர்டர் போடுவதோடு பர்ச்சேஸ் மேனேஜரின் வேலை முடிந்தது. பணம் அவர் கையில் இல்லை. முதலில் ஸ்டோர்ஸில் சரக்கு வரவு பதிவாகிவிட்டதா என்று கேளுங்கள். அது பதிவாகாமல் அக்கவுண்ட்ஸ் பில்லைத் தொடாது. பதிவாகியிருந்தால் ஒரே ஒரு கடிதம் போதும். பெறுநர் இடத்தில் கம்பெனியின் முழுப் பெயர், பதிவு அலுவலக முகவரி. அதன் கீழே ‘கவனத்திற்கு: தலைமை நிதி அதிகாரி’. பர்ச்சேஸுக்கு நகல்.

பதிவு அலுவலக முகவரியைத் தேடி அலைய வேண்டாம். லெட்டர்ஹெட்டிலும் பில் தாளிலும் அதை அச்சிட வேண்டும் என்பது 2013 கம்பெனிகள் சட்டத்தின் 12-வது பிரிவு. கம்பெனிக்குத் தபாலில் ஒன்றை முறைப்படி சேர்ப்பிக்க அந்த முகவரிக்கே அனுப்ப வேண்டும் என்கிறது 20-வது பிரிவு. ஃபேக்டரி கேட்டில் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு வந்த கடிதத்தை நாளைக்கு ‘வரவே இல்லை’ என்று சொல்லிவிடலாம்.

ஏன் நிதி அதிகாரி? நீங்கள் உத்யம் (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பதிவு செய்த குறு, சிறு நிறுவனம் என்றால், 2006-ம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் உங்கள் பணத்தை நிறுத்திவைக்க முடியாது. எழுத்தில் தவணை இல்லை என்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல 3 மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. கெடு தாண்டி நிதியாண்டு முடிந்தும் தராத தொகையை அந்த ஆண்டுச் செலவாக வருமான வரியில் கழிக்கவும் முடியாது. பர்ச்சேஸ் மேனேஜர் இதைப் படித்தால் அவருக்கு ஒன்றும் ஆகாது. நிதி அதிகாரி படித்தால் அன்றைக்கே பில்லைத் தேடச் சொல்வார். உத்யம் எண்ணையும் பில் தேதியையும் பொருள் வரியிலேயே போடுங்கள். அப்படியும் வராவிட்டால் இந்த மாதிரிப் பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும், குறு, சிறு நிறுவனங்களுக்கான ஃபெசிலிடேஷன் கவுன்சில் கோவையிலேயே இருக்கிறது.

திருநெல்வேலி: பட்டா மாறுதல் மனு இழுக்குது சார். நேரா கலெக்டருக்கே போட்டா?

‘தக்க நடவடிக்கைக்காக’ என்று எழுதி அதே தாலுகா அலுவலகத்துக்கு இறக்கிவிடுவார்கள். அதற்குப் பதில், ஏற்கெனவே வந்த பதிலில் உள்ள ந.க. எண்ணை, அதாவது கோப்பு எண்ணைப் பாருங்கள். முன்னால் அ3, ஆ2 என்று இருப்பதுதான் உங்கள் கோப்பு இருக்கும் இருக்கை. தாசில்தாருக்கு எழுதி, ‘பார்வை’ வரியில் அந்த எண்ணை முழுதாகக் கொடுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

சேலம்: தகவல் உரிமைச் சட்டத்துல கேக்கணும். எந்த ஆபீஸ்னு சரியா தெரியல.

‘பொதுத் தகவல் அலுவலர்’ என்று போட்டு, பொருத்தமாகத் தோன்றும் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால் 5 நாளுக்குள் அவர்களே அங்கே மாற்றிவிட வேண்டும், 6(3) பிரிவு.

திருச்சி: பேங்க் மேனேஜர் அடிக்கடி மாறுறார். யார் பேர் போடுறது?

பெயர் வேண்டாம். ‘கிளை மேலாளர்’ போதும்.

சென்னை, எச்.ஆர்.: இதை ஒத்துக்க முடியாது. பெயர் இல்லாம வர்ற லெட்டரை எங்க ஆபீஸ்ல யாரும் பிரிக்கிறதே இல்ல.

பிரிக்கிறார்களா என்பது ஒன்று, சட்டப்படி சேர்ந்ததா என்பது வேறு. 2025-ல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது. வெறும் விரைவுத் தபாலை அந்த முகவரியில் இருப்பவர் வாங்கலாம். கூடுதல் கட்டணம் கட்டிப் ‘பதிவு’ சேர்த்தால் பெறுநரிடமோ அவர் அதிகாரம் கொடுத்தவரிடமோதான் கொடுப்பார்கள். முதல் வரியில் ஒருவர் பெயரைப் போட்டு, அவர் மாற்றலாகிப் போயிருந்தால் கடிதம் உங்களிடமே திரும்பும். கெடு உள்ள விஷயத்தில் அந்த ஒரு வாரம் உங்களுக்குத்தான் நஷ்டம். அதனால் பதவி மேலே, பெயர் ‘கவனத்திற்கு’ வரியில்.

சென்னை, எச்.ஆர்.: அப்போ வேலைக்கு விண்ணப்பம், புது பிசினஸ் கேட்டு எழுதுறது?

அங்கே நீங்கள் சொல்வதே சரி. கேட்பது தயவு, உரிமை இல்லை. பெயரைக் கண்டுபிடித்து, எழுத்துப் பிழையில்லாமல் போடுங்கள். பாக்கி, புகார், ரத்து, கெடு என்று வந்தால் பதவிதான்.

மதுரை: நானும் அந்த சென்னை எச்.ஆர். சொல்ற பக்கம்தான். எங்க ஓனர் பேருக்கு வந்தா மட்டும்தான் வேலை நடக்கும்.

ஓனரே எல்லாம் பார்க்கும் கடை என்றால் அவர் பெயரே போடுங்கள். அங்கே பதவியும் ஆளும் ஒன்றுதான்.

விழுப்புரம்: முதலமைச்சர் தனிப்பிரிவுக்கு முதல்லயே போட்டா வேகமா நடக்குமா?

திருநெல்வேலிக்காரருக்குச் சொன்ன பதில்தான்.

தஞ்சாவூர்: கலெக்டர், செயலாளர், முதலமைச்சர் மூணு பேருக்கும் ஒரே மனு போட்டா?

மேலே படியுங்கள். மூன்றும் கீழே வந்து ஒரே மேசையில் சேரும். பெறுநர் ஒருவர், மற்றவர்களுக்கு நகல்.

ஈரோடு: பேங்க் தப்பா பணம் பிடிச்சுட்டாங்க. நேரா ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன்?

முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார். 30 நாள் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால்தான் ஆம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்) எடுத்துக்கொள்வார். வங்கி தந்த புகார் எண் இருக்கட்டும்.

கரூர்: வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கு. பதில் யாருக்கு எழுதணும்?

உங்கள் வக்கீலிடம் கொண்டுபோங்கள். நீங்களாக ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

கடலூர்: கரன்ட் பில் தாறுமாறா வந்திருக்கு. சென்னை தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிட்டேன்.

உங்கள் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளருக்கு இன்னொன்று கொடுங்கள். மீட்டரைச் சோதிக்க ஏற்பாடு செய்ய வேண்டியவர் அவர். மின் இணைப்பு எண் பொருள் வரியில். தீராவிட்டால் உங்கள் மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம். அங்கே முதலில் கேட்பது உதவிப் பொறியாளரிடம் கொடுத்த மனுவின் நகலைத்தான். முத்திரையோடு.