தூரைப் பிளந்து பாருங்கள்: நெற்பயிர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ‘எத்தனாவது நாளில்’ என்றுதான் தொடங்குகின்றன. நாள் கணக்கு தேவைதான். ஆனால் பயிரின் வயதை அதன் உடம்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒரு பிளேடும் ஐந்து நிமிடமும் போதும்.

ஆடுதுறை 43 ரக நெல் நட்டிருக்கிறேன். நட்ட 45-ஆம் நாள் யூரியா போடச் சொல்கிறார்கள். பக்கத்து வயலில் சி.ஆர். 1009. அவருக்கும் அதே நாள்தானா?

இல்லை. உங்களுக்கே அது சரியான நாள் இல்லை. நெல்லின் வயதை விதைத்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். நட்ட நாளிலிருந்து எண்ணுவதால்தான் பாதிக் குழப்பம்.

எந்த ரகமானாலும் கடைசி இரண்டு கட்டங்கள் ஏறக்குறைய ஒரே நீளம். தண்டுக்குள் கதிர் உருவாவதிலிருந்து பூப்பது வரை 30 முதல் 35 நாள்; பூத்ததிலிருந்து அறுவடை வரை சுமார் 30 நாள். குறுகிய கால ரகம், நீண்ட கால ரகம் என்ற வித்தியாசமெல்லாம் அதற்கு முந்திய, இலை விட்டுத் தூர் கட்டும், அதாவது அடியிலிருந்து பக்கத்தண்டுகள் விடும் காலத்தில்தான். அதனால் மொத்த வயதில் 65-ஐக் கழித்துவிடுங்கள். 110 நாள் ஆடுதுறை 43-க்கு விதைத்த 45-ஆம் நாள் கதிர் உருவாகத் தொடங்கும். 155 நாள் சி.ஆர். 1009-க்கு அது 90-ஆம் நாள். நீங்கள் 22 நாள் நாற்றை நட்டிருந்தால், நட்ட 23-ஆம் நாளே, யூரியா போட வேண்டிய அந்தக் கட்டம் வந்துவிடும். நட்டு 45 நாள் வரை காத்திருந்தால் பயிர் தொண்டைக்கதிர் பருவத்துக்கு, அதாவது கதிர் வெளிவரக் காத்திருக்கும் பருவத்துக்குப் போயிருக்கும். ஒரு கதிரில் எத்தனை மணி என்பது அதற்குள் முடிவாகிவிடும்.

கணக்கை வைத்துக்கொண்டு வயலில் இறங்குங்கள். ஒரு குத்தில் (சேர்த்து நட்ட ஒரு பிடிப் பயிரில்) தடித்த தாய்த்தண்டு ஒன்றை வேரோடு பிடுங்கி, சேற்றைக் கழுவி, அடியிலிருந்து நேர் மேலாக பிளேடால் இரண்டாகப் பிளந்து பாருங்கள். கணுக்கள் குறுக்குக் கோடுகளாகத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலே உள்ள கணுவின் தலையில், ஊசிமுனை அளவுக்கு, பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளையாக ஒன்று இருக்கிறதா? ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். அதுதான் உங்கள் கதிர். வெயிலுக்கு எதிராகப் பிடித்தால் நன்றாகத் தெரியும். அது கண்ணுக்குத் தெரியும்போது உருவாகிச் சில நாள் ஆகியிருக்கும். அதனால் பார்த்த அன்றே உரத்தைப் போட்டுவிடுங்கள். நாலைந்து இடத்தில் பிளந்து பார்ப்பது நல்லது. வரப்போரப் பயிர் சில சமயம் ஏமாற்றும்.

எனக்கு முதன்முதலில் இதைக் காட்டியவர் ஒரு வயதான விவசாயி. அவர் கையில் பிளேடு கூட இல்லை, நகத்தாலேயே கிழித்தார். இத்தனை வருஷம் கழித்தும் அந்த வெள்ளைப் பொட்டைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

தண்ணீர் தாமதமானதால் 35 நாள் நாற்றை நட்டேன். 110 நாள் ரகம். தூரே கட்டவில்லை. யூரியா கூட்டினால் கட்டுமா?

கட்டாது. மேலே சொன்ன கணக்கையே போட்டுப் பாருங்கள். 45-ஆம் நாள் கதிர் உருவாகும் என்றால், நட்டபின் உங்கள் பயிருக்குக் கிடைத்தது பத்தே நாள். அதிலும் பாதி, வேர் பிடிக்கவே போய்விடும். தாய்த்தண்டின் அடிக்கணுக்களிலிருந்து முதல் தூர்கள் வரும். அந்தத் தூர்களிலிருந்து அடுத்த தூர்கள் வரும். இந்த அடுக்கு ஓடுவதற்குக் காலம் வேண்டும். கதிர் உருவானபின் பிறக்கும் தூர் பெரும்பாலும் கதிர் வைக்காமலே காய்ந்துபோகும். இப்போது யூரியாவைக் கூட்டினால் பூச்சிக்கும் குலைநோய்க்கும்தான் விருந்து.

மேட்டூர் ஜூன் 12-இல் திறக்காத வருஷங்களில் டெல்டாவில் பலருக்கும் நடப்பது இது. அடுத்த முறை நாற்று முற்றிவிட்டால், நெருக்கி நடுங்கள். குத்துக்கு இரண்டு நாற்றுக்குப் பதில் மூன்று, நான்கு வையுங்கள். தூர் செய்ய வேண்டிய வேலையை நாற்றே செய்யட்டும். பொதுவான அளவு, ஒரு மாத வயதுக்கு ஒரு வாரம்: மூன்றரை மாத ரகத்துக்கு மூன்றரை வாரத்துக்குள் நாற்றைப் பறித்துவிட வேண்டும். இன்னொன்று, ஆழமாக நடாதீர்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் போதும். அடிக்கணு சேற்றில் புதைந்துவிட்டால் தூர் வருவது தள்ளிப்போகும்.

களை எடுக்கும்போது நெல்லையும் பிடுங்கிவிடுகிறோம். குதிரைவாலிக் களை அச்சு அசலாக நெல் மாதிரியே இருக்கிறதே?

இலையைப் பார்க்காதீர்கள், கழுத்தைப் பாருங்கள். இலையைத் தண்டிலிருந்து மெல்ல விலக்கினால், இரண்டும் சேரும் இடத்தில் நெல்லுக்கு வெள்ளைச் சவ்வு ஒன்று நாக்குபோல எழுந்து நிற்கும்; நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். அதன் இரு பக்கமும் ரோமம் உள்ள சின்னக் காதுகள் தண்டைக் கட்டிக்கொண்டிருக்கும். குதிரைவாலிக்கு நாக்கும் இல்லை, காதும் இல்லை. கழுத்து வழவழவென்று இருக்கும். நாற்றங்காலிலேயே ஆட்களுக்கு ஒரு தடவை காட்டிவிட்டால் போதும், விரலே கண்டுபிடித்துவிடும்.

பூக்கும்போது மருந்து அடித்தால் பதர் விழும் என்கிறார்களே?

காலையில் அடித்தால் விழ வாய்ப்பு உண்டு. நெல் பூப்பது ஏறக்குறைய காலை 9 மணிக்கும் நண்பகலுக்கும் இடையில். உமியின் இரண்டு ஓடுகளும் விரிந்து, ஆறு மகரந்தப் பைகள் வெளியே தொங்கும். உள்ளே இறகுபோல இரண்டு சூல்முடிகள். ஒரு மணி நேரம் போலத் திறந்திருந்துவிட்டு மூடிக்கொள்ளும். மூடிய பூ மறுபடி திறப்பதில்லை. கதிரின் நுனியில் தொடங்கி அடிவரை பூத்து முடிய ஒரு வாரம் ஆகும். அந்த வாரம் தவிர்க்கவே முடியாவிட்டால், மாலை 3 மணிக்கு மேல் அடியுங்கள். வெயில் 35 டிகிரியைத் தாண்டினாலும் மகரந்தம் கெட்டுப் பதர் கூடும். எல்லாப் பதருக்கும் மருந்துதான் காரணம் என்று நினைக்க வேண்டாம்.

சில கதிர் மட்டும் முழுக்க வெள்ளையாக நிமிர்ந்து நிற்கிறது.

இழுத்துப் பாருங்கள். சுலபமாகக் கையோடு வந்தால் தண்டுத்துளைப்பான். இதே புழு இளம்பயிரில் நடுக்குருத்தைக் காய வைக்கும், கதிர் வந்தபின் வெண்கதிராக்கும். வெளுத்த கதிரை இனி மீட்க முடியாது. தூர் கட்டும்போதே காய்ந்த குருத்தைக் கவனித்திருக்க வேண்டும்.

பிடுங்கிப் பார்த்தால் வேர் பழுப்பாக இருக்கிறது. அழுகலா?

பயப்படாதீர்கள். புது வேர் வெள்ளை, பழைய வேர் பழுப்பு. இலையிலிருந்து உள்ளே இறங்கும் காற்று வேர் வழியாகக் கசிந்து, மண்ணிலுள்ள இரும்பைத் துருவாக்கி வேர்மேல் படிய வைக்கிறது. வேர் மூச்சுவிடுகிறது என்பதற்கு அது அடையாளம். கறுத்து, அழுகின முட்டை நாற்றம் அடித்தால்தான் கவலை. தண்ணீரை வடித்து, மண்ணில் லேசாக வெடிப்பு விழும்வரை காய விடுங்கள்; வெள்ளை வேர் புதிதாக இறங்கும்.

அறுவடைக்கு முன் தண்ணீரை எப்போது நிறுத்துவது?

சுமார் பத்து நாள் முன்பு. நுனி மணி முதலில் பூத்ததால் முதலில் முற்றும். அடி மணிதான் கடைசி. அதனால் கதிரின் அடியில் உள்ள மணியை நசுக்கிப் பாருங்கள். பால் வந்தால் தண்ணீர் இருக்கட்டும். மாவு கட்டி இறுகியிருந்தால் மடையைத் திறந்து தண்ணீரை வடித்துவிடலாம். அப்புறம் கதிரில் ஐந்தில் நான்கு மணி மஞ்சளானதும் ஆளோ மெஷினோ சொல்லிவிடுங்கள்.