4294967297 பகா எண்ணா? கையாலேயே சோதிக்கலாம்

கேள்வி: கணித ஒலிம்பியாடுக்குப் படிக்கும் என் மகளுக்கு, 4294967297 பகா எண்ணா என்று கால்குலேட்டர் இல்லாமல் கண்டுபிடிக்கும் கணக்கு வந்திருக்கிறது. 3, 7, 11 என்று வகுத்து வகுத்துக் களைத்துவிட்டாள். குறுக்குவழி உண்டா?

பதில்: உண்டு. வகுப்பதை நிறுத்திவிட்டு, முதலில் எண்ணின் பக்கத்து வீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றைக் குறைத்தால் 4294967296. கம்ப்யூட்டர்காரர்களுக்குப் பழகிய முகம் இது, 2-ன் 32-ம் அடுக்கு. குறுக்குவழி இதில்தான் இருக்கிறது.

நேராக வகுத்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? வர்க்கமூலம் 65536-ஐ ஒட்டி வருகிறது. அதற்குள் 6542 பகா எண்கள் உள்ளன. பிள்ளை களைக்காமல் என்ன செய்வாள்! சிறிய எண்களுக்கு மட்டும் ஒரு வசதி உண்டு. வலமிருந்து மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து, மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டினால் 297 − 967 + 294 − 4 = −380. 7 × 11 × 13 = 1001 என்பதால், 380 இந்த மூன்றில் எதனாலும் வகுபடாதபோது நம் எண்ணும் வகுபடாது.

சரி, குறுக்குவழிக்கு வருவோம். நம் எண்ணுக்கு ஒரு பகாக் காரணி இருந்தால், அதனால் 2-ன் 32-ம் அடுக்கை வகுக்கும்போது மீதி −1, அதாவது சரியாக வகுபட ஒன்று குறைகிறது. எனவே 64-ம் அடுக்குக்கு மீதி 1. அதற்குமுன் எந்த அடுக்குக்கும் 1 வராது. காரணியில் ஒன்று குறைத்து அதை அடுக்காக வைத்தாலும் மீதி 1 வரும் என்பது பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மாவின் சிறிய தேற்றம். ஆகவே அந்த அடுக்கு 64-ன் மடங்காகத்தான் இருக்க முடியும். அதாவது, காரணி 64-ன் மடங்கைவிட ஒன்று கூடுதல்.

இப்போது பட்டியல் எவ்வளவு சுருங்கிவிட்டது பாருங்கள்: 193, 257, 449, 577, 641. முதல் நான்கும் வகுக்கவில்லை. ஐந்தாவதில் மாட்டிக்கொள்கிறது: 641 × 6700417 = 4294967297. பகு எண்தான்.

2-ன் 1, 2, 4, 8, 16, 32 என இரட்டித்துக்கொண்டே போகும் அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டினால் வரும் இந்த வகை எண்கள் எல்லாமே பகா எண்கள் என்று 1640-ல் நம்பியவர் அதே ஃபெர்மா. 3, 5, 17, 257, 65537 வரை அவர் நம்பிக்கை பலித்தது. 1732-ல் சுவிஸ் கணிதர் ஆய்லர் 641-ஐக் காட்டி அதை உடைத்தார். சொந்தத் தேற்றமே ஃபெர்மாவின் காலை வாரியதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

நீண்ட வகுத்தல்கூட வேண்டாம் என்றால்: 641 = 5 × 128 + 1. எனவே 5 × 128-க்கு மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 625 × (2-ன் 28-ம் அடுக்கு), மீதி 1. ஆனால் 641 = 625 + 16, அதனால் 625-க்குப் பதில் −16 போடலாம். 2-ன் 32-ம் அடுக்குக்கு மீதி −1 என்று வந்துவிடும்.

ஒன்று மட்டும் கவனம். எண்ணுக்கு இப்படி ஒரு வடிவம் இருந்தால்தான் இந்த வித்தை பலிக்கும். ஏதோ ஒரு பத்து இலக்க எண்ணைத் தந்தால் பழைய வகுத்தல்தான்.

அப்புறம், 6700417 பகா எண்ணா என்று மகள் கேட்பாள். 1878-ல் பிரெஞ்சுக் கணிதர் லூக்கா அந்த 64-ஐ 128 ஆக்கிவிட்டார்; அதாவது, காரணி 128-ன் மடங்கைவிட ஒன்று கூடுதல். 6700417-ன் வர்க்கமூலமான சுமார் 2588-க்குள் அந்த வகையில் 257, 641, 769, 1153, 1409 என ஐந்தே பகா எண்கள். ஐந்தையும் அவளே வகுத்துப் பார்க்கட்டும். ஒன்றும் மீதியின்றிப் போகாது.