ஒரு நுரையீரலில் மட்டும் மூச்சு: மயக்க மருந்தால் ஆக்ஸிஜன் குறையுமா?

கேள்வி: அப்பாவுக்கு வலது நுரையீரலில் ஒரு பகுதியை எடுக்கப் போகிறார்கள். அப்போது அந்தப் பக்கத்தைச் சுருங்கவிட்டு இடது நுரையீரலுக்கு மட்டும் காற்று கொடுப்பார்களாம். சில மயக்க மருந்துகளால் ஆக்ஸிஜன் இறங்கும் என்று படித்தேன். ஊசியில் போடும் ப்ரோபோஃபால்தான் வேண்டும் என்று கேட்கலாமா? அப்பா தினமும் தூக்க மாத்திரையும் போடுகிறார்.

தாராளமாகக் கேளுங்கள். ஆனால் அந்த ஒரு மருந்தையே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

சுருங்கிய நுரையீரலுக்குக் காற்று போகாது, ரத்தம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். ஆக்ஸிஜன் ஏறாமலே திரும்பும் அந்த ரத்தம் மற்ற ரத்தத்தோடு கலப்பதால்தான் அளவு இறங்குகிறது. உடம்பு இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது: காற்று இல்லாத பகுதியின் ரத்தக் குழாய்கள் தாமாகவே இறுகி, காற்று இருக்கும் பக்கத்துக்கு ரத்தத்தைத் திருப்பிவிடும். ஆய்லர், லில்யெஸ்ட்ராண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1946இல் பூனைகளிடம் இதைக் காட்டினார்கள். செவோஃப்ளுரேன், டெஸ்ஃப்ளுரேன் போல மூச்சு வழியாகக் கொடுக்கும் மருந்துகள், அளவு கூடக்கூட இந்த இறுக்கத்தைத் தளர்த்தும். ப்ரோபோஃபால் அதில் அநேகமாகக் கை வைப்பதில்லை. நீங்கள் படித்தது இதுவாகத்தான் இருக்கும், அது சரியும்கூட. ஆனால் வழக்கமாகக் கொடுக்கும் அளவில் இரண்டுக்கும் இடையே ஆக்ஸிஜனில் தெரிகிற வித்தியாசம் சிறியது. டெக்ஸ்மெடிடோமிடின் என்ற அமைதிப்படுத்தும் மருந்தைச் சேர்த்தால் ஆக்ஸிஜன் கொஞ்சம் மேம்படுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் அது நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் இறக்கும், ஆக்ஸிஜனுக்காக மட்டும் அதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

ஆபரேஷன் நடுவே ஆக்ஸிஜன் அளவு இறங்கினால் மருந்தைவிட முதலில் நான் சந்தேகப்படுவது குழாயைத்தான். இரண்டு நுரையீரலையும் தனித்தனியாகப் பிரிக்கும் இரட்டைக் குழாய், நோயாளியைப் பக்கவாட்டில் திருப்பும்போது ஓரிரு சென்டிமீட்டர் நகர்ந்தாலே போதும், காற்று தப்பான இடத்துக்குப் போய்விடும். அதனால்தான் திருப்பிய பிறகு மறுபடியும் மெல்லிய கேமரா விட்டுப் பார்க்கிறோம். குழாய் சரியாக இருந்தால், காற்று வாங்கும் நுரையீரலை நன்றாக விரித்து அழுத்தத்தைச் சரிசெய்வோம், சுருங்கிய பக்கத்துக்குள் கொஞ்சம் ஆக்ஸிஜன் விடுவோம், அதிலும் தேறவில்லை என்றால் சர்ஜனிடம் சொல்லி அதைச் சிறிது நேரம் விரிக்கவும் செய்வோம். மொத்த ரத்தத்தில் சுமார் 55 சதவீதம் வலது நுரையீரலுக்குத்தான் போகிறது, எனவே வலது பக்க ஆபரேஷனில் அளவு சற்று அதிகமாகவே இறங்கும். கொஞ்ச நேரம் 90 சதவீதத்தை ஒட்டி நின்றது என்று பிறகு கேள்விப்பட்டால் பதற வேண்டாம்.

எனக்கு உண்மையான கவலை அந்தத் தூக்க மாத்திரைதான். பெயர், அளவு, எத்தனை வருடமாக என்று மூன்றையும் மயக்க டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், சில மாத்திரைகளை அப்படி நிறுத்தினால் நடுக்கம், குழப்பம், வலிப்புகூட வரலாம். ஆபரேஷனுக்குப் பிறகு மார்ஃபின் வகை வலி மருந்தோடு இதுவும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். அந்த நேரம் ஆக்ஸிஜன் மாஸ்க் போட்டிருந்தால் விரலில் மாட்டிய கருவி 97, 98 என்று நல்ல எண்ணே காட்டிக்கொண்டிருக்கும், உள்ளே கார்பன் டை ஆக்சைடு ஏறுவது அதில் தெரியாது. ஆகவே எண்ணை மட்டும் பார்க்காமல் அப்பாவைப் பாருங்கள்: கூப்பிட்டால் கண் திறக்காமல் கிறங்கியே கிடந்தாலோ, மூச்சு வழக்கத்தைவிட மெதுவாக இருந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே நர்ஸைக் கூப்பிடுங்கள்.