ஊசிக்குப் பயந்து 'குமிழி ஸ்கேன்' எடுக்கலாமா?

கேள்வி: என் மனைவிக்கு வயது 43. கழுத்து ஸ்கேனில் தைராய்டில் 1.8 செ.மீ. கட்டி, 'டைராட்ஸ் 4' (புற்றுச் சந்தேகத்தை 1 முதல் 5 வரை சொல்லும் ஸ்கேன் தரம்) என்று வந்திருக்கிறது. டாக்டர் எஃப்.என்.ஏ.சி., அதாவது கட்டியில் மெல்லிய ஊசி வைத்து செல்களை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை, எடுக்கச் சொன்னார். ஊசி குத்தினால் புற்று பரவும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்ட் எடுத்தால் ஊசியே வேண்டாம் என்கிறார், எங்களை ஸ்கேன் சென்டருக்கு அழைத்துப்போனவர். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். எஃப்.என்.ஏ.சி.க்கே போங்கள். அந்த ஸ்கேனுக்கும் கையில் ஊசி போட்டுத்தான் மருந்து ஏற்றுவார்கள். அதை அவர் சொல்லியிருக்கமாட்டார்.

அந்த மருந்து, மெல்லிய கொழுப்பு உறைக்குள் அடைத்த வாயுக் குமிழிகள். ரத்தக் குழாய்க்குள்ளேயே சுற்றிவிட்டு, வாயு மூச்சோடு வெளியேறிவிடும். கட்டிக்குள் ரத்தம் பாயும் விதத்தை அவை திரையில் காட்டும். விளிம்பில் வளையம்போல் சீராக ஒளிர்ந்தால் சாதுவான கட்டி, மங்கலாகத் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் புற்று என்று ஊகிக்கலாம். ஊகம்தான். நன்றாக ஒளிரும் புற்றும் உண்டு, மங்கித் தெரியும் சாதுக் கட்டியும் உண்டு. ஐரோப்பிய அல்ட்ராசவுண்ட் கூட்டமைப்பின் 2017 வழிகாட்டியும் தைராய்டில் இதை ஆய்வு நிலையிலேயே வைத்திருக்கிறது.

அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி என்ற ஸ்கேன் மருத்துவர்கள் அமைப்பின் கணக்கில், டைராட்ஸ் 4 கட்டி 1.5 செ.மீ. ஆனாலே ஊசிப் பரிசோதனை. ஆக, குமிழி ஸ்கேனில் என்ன வந்தாலும் கடைசியில் ஊசிதான்; நடுவில் ஒரு பில் கூடும், அவ்வளவே. புற்று பரவும் பயத்தை விடுங்கள். ரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லிய ஊசி அது. அதன் தடத்தில் புற்று முளைப்பது மிக மிக அரிது.

ஒரு இடத்தில் இந்த ஸ்கேனுக்கு மரியாதை உண்டு. பழைய நீர்க்கட்டி வற்றிச் சுருங்கினால், சாதாரண ஸ்கேனில் கறுப்பாக, ஓரம் கோணலாக, அச்சு அசல் புற்றுபோலவே இருக்கும். குமிழி ஏற்றினால் உள்ளே துளிகூட ஒளிராது. ரத்த ஓட்டமே இல்லாத செத்த திசு. அதனால் பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடுங்கள். இதே இடத்தில் முன்பு நீர்க்கட்டி இருந்ததாக ஏதாவது ஒன்றில் எழுதியிருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அப்போது இந்த ஸ்கேனைப் பற்றிப் பேசலாம். இல்லையென்றால் பேச்சே வேண்டாம்.

இன்னொரு பொறி: 'கான்ட்ராஸ்ட்' என்ற பெயரில் சி.டி. ஸ்கேனுக்குத் தள்ளிவிடுவார்கள். அதில் ஏற்றுவது அயோடின் மருந்து. நாளைக்குப் புற்று என்றாகி, கதிரியக்க அயோடின் சிகிச்சை தேவைப்பட்டால், அந்தச் சி.டி.யாலேயே அது பல வாரம் தள்ளிப்போகும். அழைத்துப்போனவருக்கு என்ன, அவருக்குக் கமிஷன் வந்துவிடும். கட்டியின் நீளம், அகலம், ஆழம் என்ற மூன்று அளவுகளைக்கூட எழுதாமல் 'சந்தேகத்துக்குரியது' என்று கையெழுத்துப் போடும் ரிப்போர்ட்டுகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. அடுத்தடுத்து ஸ்கேன் விற்கும் வசதி அங்கேதான் தொடங்குகிறது.

ஊசியை அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே வைக்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் 'பெதஸ்டா' எண் (ஊசி முடிவை 1 முதல் 6 வரை தரம் பிரிப்பது) இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அப்புறம், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனை அளக்கும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை பற்றி நீங்கள் எழுதவில்லை. ஊசிக்கு முன் அதைப் பாருங்கள். அது குறைவாக இருந்தால் முதலில் தைராய்டு நியூக்ளியர் ஸ்கேன். அதில் கட்டி 'சூடாக', அதாவது கதிரியக்க மருந்தை அதிகம் இழுப்பதாகத் தெரிந்தால் பெரும்பாலும் ஊசியே தேவைப்படாது.